சைக்கிளிலிருந்து இறங்கியபின் குலைந்த ஓட்டம்: ஒரு ட்ரையத்லான் வீராங்கனைக்குப் பயிற்சித் திட்டம் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் முழுநேர வேலையில் இருக்கும் 39 வயதுப் பெண்மணி. பள்ளிப் பருவம் முதல் நீச்சல் பழகியவர். நான்கு ஆண்டுகளாகச் சைக்கிள் பயிற்சி செய்பவர். ஓட்டம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் கொண்ட ஒலிம்பிக் தூர ட்ரையத்லானில் பங்கேற்று வந்த அவர், ஒரு போட்டி முடிந்தபின் மிகத் தெளிவான ஒரு கோரிக்கையுடன் என்னிடம் வந்தார். ஓட்டத்தை மேம்படுத்த வேண்டும். அதற்காக மூன்று பயிற்சித் திட்டங்களைத் தாமே தேடி எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் எதைப் பின்பற்றுவது என்று சொன்னால் போதும். அடுத்த போட்டி அதே பாதையில் 16 வாரங்களில் நடக்கவிருந்தது. வாரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்கு ஒதுக்க இயலாது என்பதையும் முதலிலேயே கூறிவிட்டார்.

அவருடைய கவலைக்குக் காரணம் இருந்தது. தனி ஓட்டப் போட்டி ஒன்றில் அவர் 10 கி.மீ. தூரத்தை 51 நிமிடம் 10 வினாடியில், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 7 வினாடி என்ற வேகத்தில் முடித்திருந்தார். ட்ரையத்லானில் அதே தூரத்துக்கு 62 நிமிடம் 20 வினாடி ஆனது. நீச்சலும் சைக்கிளும் முடித்த கால்கள் சற்று மெதுவாக ஓடுவது இயல்பு. ஆனால் 11 நிமிட இடைவெளியை அந்த இயல்பான களைப்பு மட்டும் விளக்கிவிடாது. ஓடத் தெரிந்த ஒருவர் ட்ரையத்லானில் மட்டும் ஏன் ஓட இயலாமல் போகிறார் என்பது தெரியாமல் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை என்று கருதி, மூன்று திட்டங்களையும் ஒரு வாரம் ஓரமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

பதிவுகளில் கண்டவை

அவருடைய கைக்கடிகாரமும், மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளக்கும் சைக்கிளின் பவர் மீட்டரும் சேமித்திருந்த பதிவுகளை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரை 5 நிமிடத்துக்குள் கடந்திருந்தார். மூன்றாவது கிலோமீட்டரிலேயே வேகம் 6 நிமிடத்தைத் தாண்டிவிட்டது; ஏழாவதிலிருந்து தண்ணீர் மேசைகளுக்கு அருகே நடந்திருக்கிறார். ஓட்டத் திறன் குறைந்தவரின் பதிவு பெரும்பாலும் தொடக்கம் முதலே ஒரே சீராக மெதுவாக இருக்கும். நன்றாகத் தொடங்கிப் பாதியில் சரியும் இப்படியான பதிவைக் கண்டால், முந்தைய கட்டத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தபோது சைக்கிளில் விடை கிடைத்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சச் சராசரி மிதிப்புத் திறனை எஃப்டிபி என்பார்கள். அவருடைய எஃப்டிபி 200 வாட். போட்டியில் 75 நிமிடங்களுக்குச் சராசரியாக 184 வாட் மிதித்திருந்தார். இது எஃப்டிபியில் 92 சதவீதம். சிறு மேடு வந்தபோதெல்லாம் 300 வாட்டைத் தாண்டியிருந்தார். பெரிய கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று என்ற மெதுவான மிதிப்பு வேறு. ஒவ்வொரு மேட்டிலும் யாரையோ முந்தியதாக அவர் நினைவுகூர்ந்தார்; அவர்களில் பலர் ஓட்டத்தில் அவரை முந்திச் சென்றிருக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சைக்கிளில் இருந்த இரண்டு குடுவைகளில் ஒன்று திறக்கப்படாமலேயே வீடு திரும்பியது என்பதும் பேச்சுவாக்கில் வெளிவந்தது. நீச்சலுக்கு முன் ஒரு ஜெல், சைக்கிளில் அரைக் குடுவை பானம்: ஏறக்குறைய மூன்று மணி நேரப் போட்டிக்கு அவர் எடுத்துக்கொண்ட மாவுச்சத்து அவ்வளவே. ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரையிலான கடும் உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

வாராந்தர ஓட்டப் பயிற்சியிலும் ஒரு குறை தென்பட்டது. வாரம் மூன்று முறையாக மொத்தம் 24 கி.மீ. ஓடினார், மூன்றையுமே கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தை ஒட்டிய வேகத்தில் ஓடினார். பேசிக்கொண்டே ஓட இயலாத, ஆனால் உண்மையில் கடினமும் அல்லாத நடுத்தர வேகம் அது. முன்பு மெதுவாக ஓட முயன்று ஏன் கைவிட்டார் என்பதற்கான காரணம் கைக்கடிகாரத்தில் இருந்தது. 220-லிருந்து வயதைக் கழிக்கும் வாய்ப்பாட்டின்படி அவருடைய அதிகபட்ச இதயத்துடிப்பு 181 என்று கடிகாரம் கணக்கிட்டிருந்தது. ஆனால் தனி ஓட்டப் போட்டியின் கடைசி நிமிடத்தில் 192 பதிவாகியிருந்தது. அந்த வாய்ப்பாடு பெருந்திரளான மக்களின் சராசரியைச் சொல்வது. தனியொருவரிடம் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின்னாக இருப்பது சாதாரணம். அந்தக் கணக்கின்படி கடிகாரம் காட்டிய இலகு மண்டலத்துக்குள், அதாவது இலகு ஓட்டத்துக்கான இதயத்துடிப்பு வரம்புக்குள், இருக்க வேண்டுமானால் அவர் பாதி தூரம் நடந்திருக்க வேண்டும். எனவே அந்த மண்டலத்தையே நம்பாமல் விட்டுவிட்டார். நியாயமான முடிவுதான், ஆனால் அதற்கு மாற்றாக எதுவும் இல்லாமல் போயிற்று.

இவற்றுடன், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் கடந்த காலத்தில் இருமுறை வலி வந்திருந்ததையும் குறித்துக்கொண்டோம். இரண்டு முறையும் ஓட்டத் தூரத்தைச் சட்டென்று கூட்டியபின் வந்தது. இரும்புச்சத்துக் குறைவு பெண் ஓட்டக்காரர்களிடம் பரவலாகக் காணப்படுவதால், திட்டம் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி பரிந்துரைத்தேன்; முடிவு இயல்பாக இருந்தது.

மூன்று திட்டங்கள்

முதலாவது, தனி ஓட்டக்காரர்களுக்கான 10 கி.மீ. திட்டம். வாரத்துக்கு ஐந்தாறு நாள் ஓட்டம். அவற்றில் ஒரு நாள் இன்டர்வெல் (இடையிடையே ஓய்வுடன் வேகமாக ஓடும் சுற்றுகள்), ஒரு நாள் டெம்போ (சற்றுக் கடினமான வேகத்தில் இடைவிடாத ஓட்டம்). நீண்ட ஓட்டம் படிப்படியாக 18 கி.மீ. வரை செல்லும். தன்னளவில் குறையற்ற திட்டம். ஆனால் கடினமான இரண்டு நாள்களுக்கு இடையே உடல் ஓய்வில் இருக்கும் என்ற அனுமானத்தின் மீது அது எழுப்பப்பட்டது. இவருக்கோ சனிக்கிழமை குழுவுடன் கடும் சைக்கிள், வாரம் மூன்று நீச்சல், அவற்றில் ஒன்று மூச்சு வாங்கும் வேகத்தில். எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்தில் நான்கைந்து கடின அமர்வுகள் சேர்ந்துவிடும். ஓட்டத்தின் சுமையை மட்டுமே எண்ணும் எந்தத் திட்டமும் ட்ரையத்லான் பயில்பவரின் வாரத்தில் பாதியைக் காணாமல் விடுகிறது.

இரண்டாவது, வாரம் மூன்றே ஓட்டங்கள் கொண்டது. அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் புகழ்பெற்ற அணுகுமுறையை ஒட்டியது: ஓர் இன்டர்வெல், ஒரு டெம்போ, ஒரு நீண்ட ஓட்டம், மூன்றுக்கும் வரையறுக்கப்பட்ட வேகம், எஞ்சிய நாள்களில் சைக்கிள் அல்லது நீச்சல். ட்ரையத்லான்காரர்களுக்கென்றே தைத்த சட்டை போலத் தோன்றுவதால் இவருக்கு இதன் மீதே விருப்பம். எனக்கும் இத்திட்டத்தில் பொதுவாக மறுப்பில்லை. பல ஆண்டு ஓட்ட அனுபவமும் உறுதியான கால்களும் நேரப் பற்றாக்குறையும் கொண்ட ஒருவருக்கு இதையே முதலில் சொல்வேன். இவரிடம் இருந்த தடை வேறு. மூன்று ஓட்டங்களுமே உழைப்பு மிக்கவை. எலும்பு வலி வரலாறு உள்ள, வாரம் 24 கி.மீ. மட்டுமே ஓடும் ஒருவர், ஏற்கெனவே செய்துவரும் அதே மூன்று ஓட்டங்களின் வேகத்தை மட்டும் கூட்டுவதாக அது முடிந்துவிடும்.

மூன்றாவது, வாரம் ஐந்து குறுகிய ஓட்டங்கள், பெரும்பாலும் இலகுவானவை, அவற்றில் இரண்டு சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடும் ‘பிரிக்’ ஓட்டங்கள், ஒன்று மட்டும் வேகப் பயிற்சி. ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், உச்சநிலைத் தாங்குதிறன் வீரர்களின் அமர்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் நடப்பதைக் கவனித்து எழுதியவற்றின் தாக்கம் இதில் தெரிந்தது. அந்த விகிதத்தை எட்டரை மணி நேரப் பயிற்சிக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இருபது மணி நேரமும் அதற்கு மேலும் பயிற்சி செய்பவர்களிடம் கண்டது அது.

எடுத்த முடிவும் காரணங்களும்

மூன்றாவது திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். முதன்மையான காரணம், இவருக்குக் குறைவாக இருந்தது வேகமன்று, களைத்த கால்களுடன் ஓடிப் பழகிய அனுபவம் என்பதே. அடுத்த காரணம் எலும்பு. தொடர்ந்து விழும் சுமைக்கு எலும்பு செல்கள் விரைவில் மந்தமாகி, சில மணி நேர இடைவெளிக்குப்பின் மீண்டும் உணர்திறன் பெறுவது விலங்கு ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஆகவே ஒரே மூச்சில் நீண்ட ஓட்டத்தைவிடப் பிரித்துவைத்த குறுகிய ஓட்டங்கள் எலும்பைப் பழக்குவதற்கு உகந்தவை என்று கருத இடமிருக்கிறது. தொடக்கத்தில் வாரம் 26 கி.மீ., முடிவில் 38 கி.மீ. என்று அளவு வகுக்கப்பட்டது.

இதற்கு நேரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். நீச்சலை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொன்னபோது அவர் தயங்கினார். தம்முடைய வலிமையான பிரிவைக் குறைப்பது எவருக்கும் எளிதன்று. நீச்சலில் சில வினாடிகள் போனாலும் ஓட்டத்தில் நிமிடங்கள் கிடைக்கக்கூடும் என்ற கணக்கின் பேரில் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைக் குழு சைக்கிளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தனியாக, அளந்த வேகத்தில் ஓட்டுவது என்றும் முடிவாயிற்று.

இலகு ஓட்டத்துக்கு எல்லை வகுக்க வாய்ப்பாட்டைக் கைவிட்டு, 30 நிமிடம் முழு முயற்சியுடன் ஓடும் சோதனையின் கடைசி 20 நிமிடச் சராசரி இதயத்துடிப்பை எடுத்துக்கொண்டோம். அது 172. அதை வைத்து இலகு ஓட்டங்கள் 150-க்குள் இருக்க வேண்டும் என்று வைத்தோம். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பது துணைச் சோதனை. அந்த எல்லைக்குள் அவருடைய வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 வினாடி அளவில்தான் இருந்தது. “இந்த வேகத்தில் ஓடினால் போட்டியில் எப்படி மேடம் வேகம் வரும்?” என்று முதல் இரண்டு வாரங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். குழுவினர் பார்வையில் படாத பாதையை அவர் தேர்ந்துகொண்டதை நான் அப்போது தடுக்கவில்லை.

திட்டத்துக்கு வெளியே இரண்டு மாற்றங்களும் சேர்ந்தன. சைக்கிளின் சராசரி எஃப்டிபியில் 85 சதவீதத்தை ஒட்டியும், மேடுகளில் 220 வாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்; கடைசிப் பத்து நிமிடங்கள் சிறிய கியரில் நிமிடத்துக்கு 88 முதல் 90 சுற்று மிதிக்க வேண்டும். ஓட்டம் தொடங்கும்போது காலடிகளின் எண்ணிக்கை முந்தைய மிதிப்பின் தாளத்தால் பாதிக்கப்படுவதால் இதற்கு மதிப்பு உண்டு. அடுத்து, சைக்கிளில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் அதிரும்போதெல்லாம் பானத்தை அருந்த வேண்டும்.

முதல் எட்டு வாரங்கள்

மூன்றாவது வாரத்தில் ஒரு சோதனை நடத்தினோம்: 40 கி.மீ. சைக்கிளை 170 வாட்டில் முடித்து, உடனே 5 கி.மீ. ஓட்டம். சராசரி கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 வினாடி. உடல் தகுதி பெரிதாக மாறுவதற்கு மூன்று வாரங்கள் போதா. எனவே போட்டியில் இருந்த 6 நிமிடம் 14 வினாடியிலிருந்து கிடைத்த இந்த முன்னேற்றத்தின் பெரும்பங்கு சைக்கிளை அடக்கி ஓட்டியதாலும் குடுவையைக் காலி செய்ததாலும் வந்தது என்றே கொள்ள வேண்டும். தூரம் பாதி என்பதும், முன்னதாக நீச்சல் இல்லை என்பதும் இந்த ஒப்பீட்டின் வரம்புகள்.

ஆறாவது வாரத்தில் இடது முன்னங்காலில் வலி வந்தது. எலும்பின் உள்விளிம்பில் ஒரு கையளவு நீளத்துக்குப் பரவியிருந்தது. ஓடத் தொடங்கியதும் வலித்து, பத்து நிமிடத்தில் குறைந்தது. விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, இரவிலும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் கூர்மையான வலி ஆகியவை எலும்பு முறிவின் தொடக்கத்தைக் குறிக்கக்கூடும் என்பதால் அவை இருக்கின்றனவா என்று முதலில் உறுதிசெய்தோம். இல்லை. இருப்பினும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பி, அவர் ஒப்புதல் தந்தபின்னரே தொடர்ந்தோம்.

வாரத் தூரம் திட்டமிட்டபடிதான் கூடியிருந்தது. இலகு ஓட்டங்கள் எல்லைக்குள் இருந்தன. பிறகு காலணியைப் பற்றிக் கேட்டபோது விடை வந்தது. சைக்கிளிலிருந்து இறங்கியதும் முடிச்சுப் போட நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக, எலாஸ்டிக் நாடா கோத்த மெல்லிய போட்டிக் காலணி ஒன்றை அவர் வைத்திருந்தார். பிரிக் ஓட்டம் அனைத்தையும் அதிலேயே ஓடினார். முன்பு ஆண்டுக்குச் சில முறை மட்டும் அணிந்த, குதிகால் தாழ்ந்த அந்தக் காலணி, இப்போது வாரத்தில் இரண்டு நாள் களைத்த கால்களின் கீழ் இருந்தது. அதே வாரத்தில்தான் மேட்டு ஓட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது.

ஒரு வாரம் ஓட்டத்தை நான்காகக் குறைத்து, அதில் இரண்டை ஆழ்நீரில் ஓடும் பயிற்சியாக மாற்றினோம். மேட்டு ஓட்டம் நீக்கப்பட்டது. எலாஸ்டிக் நாடாவைத் தடித்த அடிப்பகுதி கொண்ட அன்றாடக் காலணிக்கு மாற்றினார். சில நூறு ரூபாய்கூடத் தேவைப்படாத தீர்வு என்று அவரே சிரித்தார். ஒற்றைக் காலில் கெண்டைக்கால் உயர்த்தும் பயிற்சி வாரம் மூன்று முறை சேர்ந்தது. காலடி எண்ணிக்கையை நிமிடத்துக்கு 158-லிருந்து 166-க்கு உயர்த்தவும் பழகினார். ஐந்து சதவீத அளவில் காலடியைக் கூட்டுவது முழங்கால், இடுப்பு மூட்டுகளின் சுமையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்னங்கால் எலும்புக்கும் அதே பலன் உண்டு என்று நான் உறுதி கூறவில்லை. எட்டி வைக்கும் அடியைக் குறைப்பதில் தீங்கில்லை என்பதே எங்கள் கணக்கு. எட்டாவது வாரத்தில் வலி நீங்கியது.

பிற்பகுதி

ஒன்பதாவது வாரம் முதல் வேகப் பயிற்சி உண்மையான வடிவம் பெற்றது. வியாழக்கிழமைகளில் 1,000 மீட்டர் வீதம் ஐந்து முறை, இடையில் 90 வினாடி ஓய்வு. வேகம் அவருடைய 10 கி.மீ. போட்டி வேகம் மட்டுமே, அதற்கு மேல் இல்லை. கடைசிச் சுற்றைப் பாய்ந்து முடிக்கும் பழக்கத்தை விடுவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. மாற்று வாரங்களில் எட்டு நிமிடம் வீதம் மூன்று முறை த்ரெஷோல்ட் ஓட்டம், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில். சனிக்கிழமைப் பிரிக் ஓட்டத்தில் முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 40 வினாடிக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது ஒரே கட்டளை. சைக்கிளிலிருந்து இறங்கிய கால்களுக்கு வேகத்தை உணரும் திறன் சற்று மழுங்கியிருக்கும். மெதுவாக ஓடுவதாக எண்ணிக்கொண்டே அவர் முதல் சில வாரங்களில் 5 நிமிடம் 10 வினாடியில் சென்றார். பன்னிரண்டாவது வாரத்துக்குப்பின் கடிகாரத்தைப் பாராமலேயே சரியாகத் தொடங்கினார்.

திட்டத்தில் இருந்த ஐந்தாவது ஓட்டம் பெரும்பாலான வாரங்களில் நடக்கவில்லை. வேலைப் பளுவே காரணம். விடுபட்டதை அடுத்த நாளில் சேர்த்து ஓட வேண்டாம் என்று மட்டும் முன்பே பேசி வைத்திருந்தோம். போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் தூரத்தை மூன்றில் ஒரு பங்கும், பின் பாதியாகவும் குறைத்து, வேகப் பயிற்சியைச் சிறிய அளவில் தொடர்ந்தோம்.

விளைவு

போட்டியில் சைக்கிளின் சராசரி 172 வாட். முந்தைய முறையைவிட ஒரு நிமிடம் 40 வினாடி தாமதமாகச் சைக்கிளை முடித்தார். நீச்சலிலும் அரை நிமிடம் கூடியது. ஓட்டம் 55 நிமிடம் 5 வினாடி, அதாவது கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம். ஓட்டத்தில் மட்டும் 7 நிமிடம் 15 வினாடி மிச்சம். மொத்த நேரத்தில் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல். முதல் கிலோமீட்டருக்கும் ஒன்பதாவது கிலோமீட்டருக்கும் இடையே 12 வினாடியே வேறுபாடு, எங்கும் நடக்கவில்லை. அன்று காலை முந்தைய போட்டியைவிட வெப்பம் சற்றுக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்று வாரங்கள் கழித்துத் தனி 10 கி.மீ. போட்டியில் 49 நிமிடம் 50 வினாடியில் முடித்தார். ஆக, ஓட்டத் திறன் ஒரு நிமிடம் 20 வினாடி அளவுக்கே உயர்ந்திருக்கிறது; ட்ரையத்லானில் கிடைத்த ஏழு நிமிடங்களில் எஞ்சியது சைக்கிள் வேகம், உணவு, களைத்த கால்களில் ஓடிய பழக்கம் ஆகியவற்றிலிருந்து வந்தது. இவை மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு இடம் தரவில்லை. இலகு ஓட்டத்தில் 150 துடிப்புக்கான வேகம் 6 நிமிடம் 30 வினாடியிலிருந்து 6 நிமிடம் 5 வினாடிக்கு வந்திருந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மூன்றாவது வாரத்தில் செய்த சைக்கிள்-ஓட்டச் சோதனையைத் திட்டம் தேர்ந்தெடுக்கும் முன்பே செய்ய வேண்டும். சைக்கிளை அடக்கி ஓட்டியதும் ஓட்டம் முழுமையாகச் சீராகிவிடும் ஒருவருக்குப் புதிய ஓட்டத் திட்டமே தேவைப்படாமல் போகலாம். அவருக்கு இரண்டாவது திட்டமே போதுமானதாகவும் இருக்கலாம்.

கெண்டைக்கால் பயிற்சி வலி வந்தபின் அல்லாமல் முதல் வாரத்திலிருந்தே இருக்க வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டில் தூரம், இதயத்துடிப்புடன் எந்தக் காலணி என்பதற்கும் ஒரு கட்டம் இப்போது சேர்க்கப்பட்டுள்ளது. மேட்டு ஓட்டம் போன்ற புதிய சுமை எதுவும் வேறொரு மாற்றம் நடக்கும் வாரத்தில் தொடங்கக் கூடாது. ஐந்து ஓட்டங்கள் என்று எழுதி நான்கு நடப்பதைவிட, நான்கு என்றே எழுதி அவற்றை நடக்கும் நாள்களில் வைப்பது மேல். ஐந்தாவதை விட்டதற்கான குற்ற உணர்வு சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தைத் தேவைக்கு மேல் வேகமாக்கியது என்பது பதிவுகளில் தெரிகிறது.

அவர் அடுத்த பருவத்தில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட பாதித் தூரப் போட்டிக்கு மாற விரும்புகிறார். அதற்குத் தற்போதைய திட்டத்தை நீட்டினால் போதுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை, 90 கி.மீ. சைக்கிளை எஃப்டிபியில் 75 சதவீதத்தில் முடித்து 8 கி.மீ. ஓடும் சோதனை முதலில் நடக்கும்.